சாக மறுத்த செல்கள்

திங்கட்கிழமை காலை நுண்ணோக்கியைக் குனிந்து பார்த்தேன். சாக வேண்டிய என் செல்கள் எல்லாம் உயிரோடு இருந்தன.

அவை விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமி செல்கள். விழித்திரைக்குச் சாப்பாடு கொடுத்து, அதன் குப்பையை அள்ளி, வாழ்நாள் முழுக்க ஒரே இடத்தில் இருந்து வேலை பார்ப்பவை. உடம்பில் வேறு எந்த இடமும் கண்ணைப் போல ஒரே நேரத்தில் இவ்வளவு வெளிச்சத்தையும் இவ்வளவு ஆக்ஸிஜனையும் வாங்கிக்கொள்வதில்லை. பார்ப்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. நறுக்கி வைத்த ஆப்பிள் பழுப்பேறுவதைப் போல, விழித்திரையும் ஒவ்வொரு பகலிலும் கொஞ்சம் பழுப்பேறப் பார்க்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட்கள் அதைத் தடுக்கின்றன. கீரையிலும் மக்காச்சோளத்திலும் இருக்கும் லூட்டின் என்ற மஞ்சள் பொருள் அவற்றில் ஒன்று. அது எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பதுதான் இரண்டு வருடமாக என் வேலை.

முறை எளிது. பாதிச் செல்களுக்கு லூட்டின் கொடுக்க வேண்டும், பாதிக்குக் கொடுக்கக் கூடாது. பிறகு எல்லாவற்றின் மேலும் செல்லைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடை விட வேண்டும். நீலச் சாயம் ஊற்றினால் செத்தவை மட்டும் நீலமாகும். லூட்டின் இல்லாத பக்கத்தில் எப்போதும் பாதிக்கு மேல் நீலம் இருக்கும். இந்த முறை இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட நீலமே இல்லாமல் தெளிவாக இருந்தன.

பேராசிரியர் வந்து பார்த்தார். எதைப் பார்த்தாலும் காதில் செருகிய பென்சிலை எடுத்துவிடுவார் என்பதால் எங்களுக்கு அவர் பென்சில் சார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். லூட்டின் ஒண்ணும் கிழிக்கலையே."

"கிழிச்சிருக்கு சார், இதுக்கு முன்னாடி பதினோரு தடவை. இப்ப லூட்டின் இல்லாத பக்கத்தை வேற எதுவோ காப்பாத்தியிருக்கு."

"வேற எது?"

"தெரியல. கண்டுபிடிச்சிடுவேன்."

"வியாழக்கிழமை மதியம் அறிக்கை போகுது. கடைசி முடிவு இப்படி இருந்தா லூட்டின் பகுதியை எடுத்துடுவேன். நீ கண்புரைக் குழுவுக்குப் போயிடு, அங்க ஆள் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

இரண்டு வருடத்தை ஒரு பென்சில் கோட்டில் அடித்துவிட முடியும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பயம் வரவில்லை. செல்கள் காரணமில்லாமல் எதையும் செய்யாது.

அன்று முழுக்கத் தேடினேன். பெராக்சைடு பழையதா? இல்லை, போன வாரம்தான் திறந்தது. செல்களை வைக்கும் இன்குபேட்டரின் சூடு சரியாக இருந்தது. சாயமும் நன்றாக இருந்தது.

மறுநாள் காலை வீட்டில் அண்ணி ஜன்னலோரத் தையல் இயந்திரத்தில் ஒரு திரைச்சீலைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தார். நான் காலணி மாட்டும்போது தலையைத் தூக்காமலே கேட்டார்.

"என்ன, மூஞ்சி தொங்குது?"

"செல்லு எதுவும் சாகல அண்ணி."

"நல்ல விஷயம்தானே?"

"இல்ல, சாகணும்."

"அடிப்பாவி. உன்னைப் போய் உங்க அண்ணன் சாதுன்னு சொல்றாரே." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆமா, போன வாரம் நாலு நாளு காய்ச்சல்ல சுருண்டு படுத்திருந்தியே. அப்ப அதுங்களுக்கு யாரு சாப்பாடு போட்டா?"

ஒரு காலில் காலணியோடு அப்படியே நின்றேன்.

செல் வளர்க்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்காதான் போட்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்குள் கையை விட்டு, பார்க்காமலே மூடியைத் திறந்து மூடும் கை அவருடையது. பதினெட்டு வருடமாக எங்கள் எல்லோருடைய செல்களையும் வளர்ப்பவர். அவர் வளர்த்தால் எதுவும் வாடாது என்று அடுத்த கட்டடத்துக்காரர்கள்கூடச் சொல்வார்கள்.

"அக்கா, என் செல்லுக்கு என்ன மீடியம் போட்டீங்க?" மீடியம் என்பது செல்கள் மூழ்கிக் கிடந்து உண்ணும் இளஞ்சிவப்புத் திரவம்.

"உன் பாட்டில்ல இருந்ததுதான். உன் பேரு ஒட்டியிருந்ததே."

"வேற எதாவது சேர்த்தீங்களா?"

கையுறையைக் கழற்றாமலே சொன்னார். "புதன்கிழமை பார்த்தப்ப ரொம்பச் சோர்ந்துபோயிருந்துச்சுடி. பாவமா இருந்துச்சு. உன் பாட்டில்லயே கொஞ்சம் பைருவேட் விட்டேன். எல்லாச் செல்லுக்கும் தேறுறதுக்கு அதைத்தானே விடுவேன். மறுநாளே ஜம்முனு ஆயிடுச்சு."

"பாட்டில் மேல எழுதலையா?"

"நீதான் காய்ச்சல்ல கிடந்தியே, வந்ததும் சொல்லிக்கலாம்னு..." அவர் முகம் மாறியது. "ஐயோ. பைருவேட்."

பைருவேட் செல்லுக்கு உணவு. கூடவே, பெராக்சைடைக் கண்ட இடத்தில் தின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் அதே பாட்டில் மீடியத்தில்தான் பெராக்சைடைக் கலந்திருந்தேன். விஷம் செல்லைத் தொடும் முன்பே தீர்ந்துபோயிருக்கிறது. ஓர் ஆன்டிஆக்ஸிடன்டைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

"நான் சார்கிட்ட போய்ச் சொல்லிடுறேன். என் தப்புதான்," என்றார் அக்கா.

"சொன்னா 'இருக்கலாம்'னு சொல்லுவார். இருக்கலாம்ங்கிறதை அறிக்கையில போட முடியாது. காட்டணும். இதே செல்லு உபரியா ஒரு தட்டுல வச்சிருக்கீங்களா?"

"எப்ப இல்லாம இருந்திருக்கு?"

பன்னிரண்டு குழிகள் கொண்ட தட்டு. பழைய மீடியத்தை வடித்து, மூன்று முறை கழுவி, பைருவேட் இல்லாத புதிய பாட்டிலைத் திறந்தோம். குழிகளை நான்கு வரிசையாகப் பிரித்தேன். ஒரு வரிசையை எதுவும் செய்யாமல் விடுவது. ஒன்றுக்குப் பெராக்சைடு மட்டும். ஒன்றுக்குப் பெராக்சைடோடு பைருவேட். இன்னொரு வரிசை ஒரு நாள் முழுக்க லூட்டினில் ஊறும். வெளியே மிச்சமிருக்கும் லூட்டினைக் கழுவிவிட்டு அதற்கும் பெராக்சைடு. எந்த வரிசை எது என்பதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டினேன்.

"எண்ணப் போறது நீங்க," என்றேன்.

"நானா? நான் வளர்த்ததை நானே எண்ணினா, சாகலைன்னு சொல்லத் தோணும்டி."

"அதனாலதான் எது எதுன்னு உங்களுக்குச் சொல்லப்போறதில்ல."

புதன்கிழமை பெராக்சைடு விட்டேன். வியாழன் காலை அக்கா நுண்ணோக்கியில் உட்கார்ந்தார். பென்சில் சார் உறையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். நூறு செல்லுக்கு எத்தனை நீலம் என்று அக்கா ஒவ்வொரு வரிசையாகச் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"முதல் வரிசை, ஒன்பது."

"ரெண்டாவது, அம்பத்தி நாலு."

"மூணாவது, அஞ்சு."

"நாலாவது, இருபத்தி ரெண்டு."

சார் உறையைக் கிழித்தார். முதல் வரிசை பைருவேட். இரண்டாவது வெறும் பெராக்சைடு. மூன்றாவது எதுவும் செய்யாதது. நான்காவது லூட்டின்.

ஐம்பத்து நான்கு செத்ததற்காக என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை.

சார் உடனே விட்டுவிடவில்லை. "சரி, உன் லூட்டின் இருபத்தி ரெண்டு. அக்காவோட பைருவேட் ஒன்பது. அப்ப நான் அதைத்தானே ஆராய்ச்சி பண்ணணும்?"

"பைருவேட் வாசல்ல நின்னு அடிக்குது சார். இங்க விஷத்தை வெளியிலிருந்து ஊத்துறோம், அதனால அது ஜெயிக்குது. கண்ணுல அப்படி இல்ல. வெளிச்சம் பட்டு வீட்டுக்குள்ளயே விஷம் பிறக்குது. உள்ள குடியிருக்கிறவங்கதான் தடுக்கணும். லூட்டினை வெளியில கழுவின பிறகும் பாதிக்கு மேல காப்பாத்தியிருக்கே. அப்ப அது உள்ளதானே இருக்கு?"

"தட்டு வேற, கண்ணு வேற."

"ஆமா சார். அதையும் அறிக்கையில எழுதுறேன். திங்கட்கிழமை ஏன் தப்பாச்சுங்கிறதையும் எழுதுறேன்."

அக்கா நாற்காலியைத் திருப்பினார். "அதுல என் பேரு வருமா?"

"எண்ணினவங்கன்னு வரும்," என்றார் சார். "இவ்வளவு நேர்மையா எண்ணி நான் பார்த்ததில்ல." பென்சிலால் அந்த நான்கு எண்களையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இது அறிக்கைக்குள்ள போகட்டும். ஆனா உள்ள பிறக்கிற விஷத்தைப் பத்தி இவ்வளவு பேசுற, பெராக்சைடை ஏன் வெளியிலிருந்து ஊத்திக்கிட்டு இருக்க?"

"இனிமே வெளிச்சத்தையே விட்டுப் பார்க்கிறேன் சார். நீல விளக்கு அறை எப்பக் காலியா இருக்கும்?"

"திங்கட்கிழமை."

நான் மேசைக்குப் போய் அறிக்கையின் என் பகுதியைத் திறந்தேன். பதினொன்றரைக்குள் எழுதி முடித்து அனுப்பிவிட்டு, விளக்கு அறைப் பதிவேட்டில் அடுத்த நான்கு வாரத் திங்கட்கிழமைகளையும் என் பெயரில் எழுதினேன்.