தேசிய வருமானம் சமையலறைக்கு வந்த விவரம்

கல்லூரி நூலகத்தின் பொருளியல் பிரிவில், கணிதப் பொருளியல் அலமாரி ஒன்றைத் தவிர, மற்ற அலமாரிகளில் இருந்த ஆயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்குத் தூக்க முடியாதவை ஆயின. பக்கத்திலிருந்த தாவரவியலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரைக்கோ பலகைக்கோ அந்தக் கனம் தெரியவில்லை, கைக்கு மட்டும்தான் தெரிந்தது. நூலகர் ஒரு சிறு கையேட்டை உருவப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மூன்று பேராசிரியர்கள் சேர்ந்து இழுத்தும் பணவியல் அசைந்து கொடுக்கவில்லை. இயற்பியல் துறையினர் தராசோடு வந்தார்கள். தராசில் வைப்பதற்குப் புத்தகத்தை முதலில் தூக்க வேண்டும் என்பது வந்த பிறகுதான் உறைத்தது, தராசோடு திரும்பிப் போனார்கள்.

மறுநாள் துப்புரவு அக்கா வழக்கம்போல அலமாரி துடைக்க வந்தார். துடைப்பதற்கு இடைஞ்சலாக இருந்த புத்தகங்களை ஏழு ஏழாக அள்ளி மேசையில் வைத்தார், துடைத்தார், திரும்ப அடுக்கினார். நூலகர் வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். அவர் நிதானமான மனிதர். ஒரு மாதம் முழுக்கக் கல்லூரிக்குள் வருகிற போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தூக்க வைத்து, ஒரு நோட்டில் எழுதி வைத்து, கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஒரு புத்தகம் யாரைக் கணக்கில் எடுத்திருக்கிறதோ அவருக்கு அது கனக்கும்; யாரை விட்டுவிட்டதோ அவருக்குக் கனமே இருக்காது. பன்னாட்டு வணிகம் பற்றிய புத்தகங்களில் சரக்குகள் தாமாகவே கடல் தாண்டின, ஆகவே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர் அவற்றைச் சுண்டுவிரலால் எடுத்தார். எல்லாவற்றையும் சந்தையே பார்த்துக்கொள்ளும் என்ற கட்சியின் புத்தகங்கள், பொழுது சாயும்போது சந்தையின் கதவைப் பூட்டுகிற காவலாளிக்கு இலேசாக இருந்தன. எல்லாவற்றையும் அரசாங்கமே திட்டமிடும் என்ற கட்சியின் புத்தகங்களை, சினிமா கொட்டகை வாசலில் கள்ள டிக்கெட் விற்கிறவர் பந்துபோலத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். கணிதப் பொருளியலை யார் வேண்டுமானாலும் தூக்கலாம், அதில் மனிதர்களே கிடையாது. பேராசிரியர்கள் மட்டும் மற்ற எல்லாப் புத்தகத்திலும் ஏதாவதொரு அடிக்குறிப்பில் இருந்தார்கள். கூட்டித் துடைக்கிறவர் எதிலும் இல்லை, அதனால் அக்காவுக்கு மொத்தப் பிரிவும் பஞ்சு மூட்டை.

மேசைக்கு வந்துவிட்டால் பக்கங்களை யாரும் புரட்டலாம். எடுத்துக் கொடுக்கவும் திரும்ப வைக்கவும்தான் ஆள் தேவை. அந்த வேலை கேட்காமலே அக்காவின் தலையில் விழுந்தது. பதினொரு மாதம் செய்தார். கல்லூரியில் அவர் பதினான்கு வருடமாகத் தற்காலிகம், எப்போது வேண்டுமானாலும் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள், கணவருக்கு முதுகு போய் இரண்டு வருடமாகிறது. நூலக உதவியாளர் என்று பதிவேட்டில் ஏற்றச் சொல்லி முதல்வரிடம் போய்க் கேட்டார்.

"உனக்குத்தான் கனமே தெரியலையேம்மா. கஷ்டமில்லாத வேலைக்கு எதுக்குப் பதவி?" என்றார் முதல்வர்.

"அப்ப நாளையிலிருந்து நீங்களே எடுத்துக்கோங்க சார்," என்று சொல்லிவிட்டு அக்கா வாளியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் கூட்டினார், துடைத்தார், ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. மூட்டை தூக்குகிறவருக்கும் காவலாளிக்கும் சொல்லி அனுப்பினார்கள். அக்காவைக் கேட்டுவிட்டு வருகிறோம் என்றவர்கள் வரவேயில்லை. கள்ள டிக்கெட்காரர் மட்டும் ஒரு நாள் வந்தார், அவர் சொன்ன விலையைக் கேட்டு முதல்வரே கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பருவம் முழுக்கக் கல்லூரியில் கணிதப் பொருளியல் மட்டும் நடந்தது. தேர்ச்சி விகிதம் கூடியது, ஒரு மாணவருக்கும் அரிசி ஏன் விலை ஏறுகிறது என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் சிறந்த பொருளியல் புத்தகத்துக்கான பரிசுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. பொருளியல் துறைத்தலைவர் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து தேசிய வருமானத்தைப் பற்றி ஆயிரத்து நூற்று நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருந்தார். நாட்டில் நடக்கிற வேலை ஒன்றுவிடாமல் அதில் இருக்கிறது என்று முன்னுரையில் உறுதி சொல்லியிருந்தார். இரண்டாம் பதிப்புக்கான திருத்தங்களை ஓரங்களில் கையால் எழுதிய பிரதி ஒன்றே ஒன்று, நூலகத்தின் கண்ணாடி அலமாரியில் தனியாகப் பூட்டி இருந்தது, அக்கா அதை அதுவரை தொட்டதில்லை. குழு அதைத்தான் மேடையில் பார்க்க விரும்பியது. முதல்வர் அக்காவைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகம் மேடைக்கு வந்தால் நிரந்தர உத்தரவு, வராவிட்டால் திங்கட்கிழமை வேலைக்கு வரவேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

அக்கா அலமாரியைத் திறந்து கை வைத்தார். புத்தகம் நகரவில்லை. அறுநூற்றுப் பதினான்காம் பக்கத்து அட்டவணையில் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஒரு வரி இருந்தது. பதினான்கு வருடத்தில் முதல்முறையாக ஒரு புத்தகம் அவரைக் கணக்கில் எடுத்திருந்தது, அதனாலேயே அவர் வேலை போகவிருந்தது. வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாத்தனார் வந்து என்னவென்று கேட்டார். கணவரின் மூத்த சகோதரி. முப்பத்தோரு வருடமாக அந்த வீட்டின் அடுப்பும் துணியும் தண்ணீரும் அவர் பொறுப்பு. படுக்கையில் கிடந்த அப்பாவை ஏழு வருடம் புரட்டிப் போட்டுத் துடைத்தவர், தம்பியின் இரண்டு பெண்களையும் இடுப்பிலேயே வளர்த்தவர், இப்போது தம்பியின் முதுகுக்குத் தைலம் தேய்ப்பவரும் அவர்தான். கணக்கெடுப்புக்கு வந்தவர் அவர் பெயருக்கு நேரே 'வேலை இல்லை' என்று எழுதிக்கொண்டு, அவர் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுப் போயிருந்தார்.

"நான் வந்து பாக்கறேன். குக்கர் இறங்கட்டும்," என்றார் நாத்தனார்.

வெள்ளிக்கிழமை மேடையில் குழுவினர் ஐந்து பேர் உட்கார்ந்திருக்க, நாத்தனார் அந்தப் புத்தகத்தை ஒற்றைக் கையால் எடுத்து, முந்தானையால் தூசி தட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். மறு கையில் காய்கறிப் பை இருந்தது. துறைத்தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்த மேசையில வைங்கம்மா."

"வைக்கறேன். இதுல என்ன எழுதியிருக்கு?"

"நாட்டுல யார் யார் என்ன வேலை செய்யறாங்கன்னு. எல்லாமே இருக்கு."

"நான் எத்தனாவது பக்கம்?"

துறைத்தலைவர் குழுவைப் பார்த்தார், குழு மேசை விரிப்பைப் பார்த்தது. இருபத்திரண்டு வருடமாக அவர் எழுத உட்கார்ந்த நாற்காலிக்குச் சாப்பாடு எப்படி வந்துகொண்டிருந்தது என்பதை அவர் அப்போதுதான் நினைத்திருக்க வேண்டும். முகம் செத்துவிட்டது.

"அப்ப இது இன்னும் முடியலையே. அரைகுறையா இருக்கறத எப்படிக் கொடுக்கறது?" என்றார் நாத்தனார், புத்தகத்தை அக்குளிலிருந்து எடுக்காமல்.

முதல்வர் பக்கவாட்டில் நின்ற அக்காவிடம் ஓடினார். "உன் வேலைம்மா! வைக்கச் சொல்லு அவங்கள!" சொல்லியிருந்தால் நாத்தனார் வைத்திருப்பார். அக்காவுக்கு இரண்டு பெண்களின் முகமும் நினைவுக்கு வந்தது, தைலம் தேய்த்த அந்தக் கையும் கண்ணெதிரே இருந்தது. மேடைக்கு ஏறி, நாத்தனாரிடமிருந்து காய்கறிப் பையை வாங்கிக்கொண்டார்.

"வாங்க அண்ணி, பஸ் வந்துரும்."

இரண்டு பேரும் நடுவழியே நடந்து வெளியே போனார்கள். தடுக்கப் போன உதவிப் பேராசிரியர் புத்தகத்தின் ஒரு முனையைப் பிடித்து, கை சுளுக்கி, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார்.

திருட்டு என்று புகார் போனது. ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் வந்து, சமையல் மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் திருட்டுப் பொருளைக் கண்டார்கள், மூச்சைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மீட்க முடியாத பொருளுக்கு வழக்கு நிற்கவில்லை. அக்கா திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தார், அந்த மாதம் இளையவளுக்கு பஸ் பாஸ் வாங்கவில்லை, ஆனாலும் கல்லூரிப் பக்கம் திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் துறைத்தலைவர் பேனாவோடு வந்து வாசலில் நின்றார்.

"முதல்ல இவளுக்கு ஆர்டர் வரட்டும். அப்பறம் உள்ள வாங்க," என்றார் நாத்தனார்.

முதல்வருக்குச் சுற்றறிக்கைகள் எழுத மட்டுமே தெரியும் என்று ஊர் சொல்வது தப்பு. நான்கே நாளில் உத்தரவு வந்தது, நூலக உதவியாளர், நிரந்தரம். அதற்குப் பிறகு துறைத்தலைவர் சமையலறை முக்காலியில் உட்கார்ந்து நான்கு மாதம் எழுதினார். எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டார். "மணி பாத்தா செய்வாங்க? பாத்து எழுதிக்கோங்க," என்று பதில் வந்தது. கால் வழியில் நீட்டியிருந்தால் நாத்தனார் மடக்கச் சொன்னார், பால் பொங்கினால் அணைக்கச் சொன்னார். ஓரங்கள் நிறைந்து, தாள்கள் ஒட்டி, புத்தகம் இரண்டு மடங்கு தடித்தது. தினமும் காலையில் மேடை துடைக்கும்போது நாத்தனார் அதை நகர்த்திப் பார்ப்பார். முதல் மாதம் பால் பாத்திரம் அளவுக்குக் கனத்தது, மூன்றாம் மாதம் அம்மிக்கல் அளவுக்கு. ஒரு வியாழக்கிழமை இரண்டு கையாலும் தள்ளியும் அது நகரவேயில்லை. நாத்தனார் அடுப்பை அணைத்துவிட்டு நின்ற இடத்திலேயே அழுதார், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதார், அக்காவும் சேர்ந்து அழுதார்.

அதற்குப் பிறகு அந்தப் பிரதியைத் தூக்க நாட்டில் ஆள் கிடைக்கவில்லை. பரிசு துறைத்தலைவரை அந்தச் சமையலறைக்கே தேடி வந்தது, குழுத் தலைவர் நிற்க இடமில்லாமல் ஜன்னல் வழியாகக் கொடுத்தார். நூலகப் பட்டியலில் இப்போது அந்த வீட்டு எண்ணோடு பொருளியல் பிரிவின் கிளை என்று ஒரு பதிவு இருக்கிறது, மாணவர்கள் கையைக் கழுவிவிட்டுப் போய் நின்றபடியே படித்துவிட்டு வருகிறார்கள். கிளையின் வேலை நேரம் எப்போது முடிகிறது என்று தெரிவிக்கும்படி பல்கலைக்கழகம் நாத்தனாருக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருக்கிறது. பதில் எழுத அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.