பகலவனுக்கும் கோபம் வரும்

மதிவதனியைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு இனியவன் எங்கே போனாலும் பகலவனைப் பற்றிய பேச்சுதான். பகலவன் அவளுடைய முதல் புருஷன். ஒரகடத்தில் இனியவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அதே உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது லாரி இடித்து இறந்துபோனான். அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது.

இனியவன் அவனைப் பார்த்ததே இல்லை. அந்தக் கம்பெனியில் அவன் சேர்ந்ததே அதற்குப் பிறகுதான். ஆனால் கேன்டீனில் தட்டோடு உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர், "பகலவன் சம்சாரத்த கட்டினது நீதானா? தங்கமான ஆளுப்பா அவன், கோவமே வராது" என்பார். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் டிரைவரும் அதையேதான் சொல்வார். செத்துப்போனவனைப் பற்றி யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்று இனியவனுக்குத் தெரியும். அதற்காக இத்தனை பேரும் பொய் சொல்வார்களா என்ன?

கொஞ்ச நாள் எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் எப்போதோ அந்த எரிச்சல் போய், அவனே ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தான்.

அதற்குக் காரணம் பூவிழி. மதிவதனியின் மகள், எட்டு வயது. இனியவனின் சின்ன வயதில் அவன் அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஒரு குழந்தையிடம் எப்படிப் பேசுவது, எப்படிச் சிரிக்கவைப்பது என்பதை இனியவன் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. இப்போது திடீரென்று ஒரு பெண் குழந்தை அவன் பொறுப்பில் வந்து நின்றது. யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது? யோசித்துப் பார்த்தால் பகலவனைத் தவிர வேறு ஆள் தென்படவில்லை.

மாரிமுத்துதான் இரண்டு பேருக்கும் பொதுவான கூட்டாளி. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்ததும் அவன்தான்.

"புள்ளைக்கு அவன் இன்னா வாங்கினு போவான்?" என்று இனியவன் ஒருநாள் பஸ்ஸில் கேட்டான்.

"வேர்க்கடலதான். கூட்ரோட்டாண்ட வண்டில வறுத்துனு இருப்பாங்க பாரு, அத்த சூடா வாங்கி பாக்கெட்ல வெச்சினு போவான்."

அன்று சாயங்காலமே இனியவனும் வாங்கிக்கொண்டு போனான். பூவிழி பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். "எங்கப்பா தோல ஊதிட்டுக் குடுப்பாரு" என்றாள். இனியவன் தரையில் உட்கார்ந்து கடலையை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்து ஊதிக் கொடுத்தான். அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தின்று முடித்தாள். அதுவே அவனுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

பகலவன் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் தலை பின்னிவிடுவானாம். இனியவனும் பின்னிப் பார்த்தான். ஒரு ஜடை காதுக்கு மேலே நின்றது, இன்னொன்று தோளில் தொங்கியது. பூவிழி கண்ணாடியில் பார்த்துவிட்டு, அம்மாவிடம் போய் முதுகைக் காட்டி நின்றாள்.

மதிவதனி இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஊரில் எல்லாரிடமும் பகலவனைப் பற்றிக் கேட்ட இனியவன் அவளிடம் மட்டும் கேட்கவில்லை. அவளும் அவன் எதிரில் அந்தப் பெயரை எடுப்பதில்லை. ஒருவர் மனசு நோகக்கூடாதே என்று இன்னொருவர் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டதில், அந்த வீட்டில் பகலவனின் பெயரையே யாரும் உச்சரிக்காமல் போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை காலையில்தான் அது நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் மதிவதனி விடிகாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டிருந்தாள். பூவிழியைக் குளிக்கவைத்து, இட்லி கொடுத்து, அதே தெருவில் இருக்கும் சரோஜா வீட்டில் விடவேண்டியது இனியவன் வேலை. சரோஜா பகலவனின் அக்கா. பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதும் திரும்பி வந்தால் பார்த்துக்கொள்வதும் அவள்தான்.

கிளம்பும் நேரத்தில் இனியவனுடைய ஐ.டி. கார்டைக் காணோம். அது இல்லாமல் போனால் கேட்டில் உள்ளே விடமாட்டார்கள். சட்டைப் பையில் இல்லை. டிவி மேலே இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னாலும் இல்லை.

"பூவி, மாமா கார்ட பாத்தியா?"

அவள் இட்லியை மென்றுகொண்டே தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா, புரியவில்லை. போன் அடித்தது. மாரிமுத்து. "இன்னாடா, வரியா இல்லியா? வண்டி கெளம்பப் போவுது." அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் கரடி பொம்மை கண்ணில் பட்டது. அதன் கழுத்தில் கார்டு தொங்கியது.

இனியவன் வாயிலிருந்து வந்த சத்தம் அவனுக்கே அன்னியமாக இருந்தது. "அறிவு கீதா உனக்கு? எத்த எடுக்கணும், எத்த எடுக்கக்கூடாதுன்னு தெரியாது? இது இன்னா வெளையாட்டுச் சாமானா?" கார்டைப் பிடுங்கிக்கொண்டு கரடியைச் சுவரில் எறிந்தான். வெளியே குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பூவிழி அழவில்லை. இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு சுவரோரமாகக் குனிந்தாள்.

அவன் கையை ஓங்கவே இல்லை. ஆனால் ஓங்கப்போகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். தன் அப்பாவுக்கு எதிரே இனியவனும் சின்ன வயதில் அப்படித்தான் குனிவான்.

பிள்ளையைச் சரோஜா வீட்டில் விட்டான். பஸ்ஸைத் தவறவிட்டு, ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தான். அன்று முழுக்க வேலையில் மனசு நிற்கவில்லை. சரக்கு அடுக்கிய ஒரு பேலட்டைத் தூக்கிக்கொண்டு போய் வேறு லைனில் இறக்கி வைத்து, பேச்சு வாங்கினான். குனிந்து நின்ற பிள்ளைதான் கண்ணுக்குள்ளேயே இருந்தாள்.

சாயங்காலம், வீடு இருக்கும் தண்டலத்தில் இறங்கியவன் வீட்டுக்குப் போகாமல் சர்வீஸ் ரோட்டிலேயே நின்றான். கொஞ்ச நேரத்தில் மதிவதனியின் பஸ்ஸும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே சரோஜா போனில் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது. இருவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"மதி, ஒண்ணு கேக்கட்டா?" என்றான். "பகலவன்... அவருக்கு மட்டும் எப்டி கோவமே வராம இருந்துச்சு?"

அவள் நின்றுவிட்டாள். பிறகு சிரித்தாள். சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"கோவமே வராதுன்னு யாருங்க உங்களுக்குச் சொன்னது? சோத்துத் தட்ட தூக்கிப் போட்டிருக்காரு. கல்யாணமான புதுசுல கோச்சிக்கினு நான் எங்கம்மா வூட்டுக்கே போயிட்டேன். பூவி ஒருதரம் அவரு போன பக்கெட் தண்ணில போட்டுடுச்சு. அன்னிக்கு அவரு போட்ட சத்தத்துல புள்ள பயந்து நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிடுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அவுங்க டிபார்ட்மென்ட்ல வனமாமலைன்னு ஒரு சூப்பர்வைசர் இருந்தாரு, திருநெல்வேலி பக்கம். ஒருநாளு இவரு மேல தப்பே இல்லாம லைன்ல வெச்சு கத்திட்டாரு. விஷயம் தெரிஞ்சதும் அதே எடத்துக்கு வந்து, எல்லார் எதுர்லயும், 'ஏல பகலவா, தப்பு எம்மேலதான். மன்னிச்சிருடே'ன்னாராம். இவரு வூட்டுக்கு வந்து அத்தயே சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனாரு. 'சூப்பர்வைசர் மதி! அத்தினி பேரு எதுர்ல!'ன்னு. அதுக்கப்புறம் இவரும் ஆரம்பிச்சாரு. கோவம் ஒண்ணும் போயிடல. கத்துவாரு. ஆனா அன்னிக்கே வந்து மன்னிப்பு கேட்டுடுவாரு. எங்கிட்ட, அவுங்கம்மாகிட்ட, பூவிகிட்டகூட முட்டி போட்டுக் கேப்பாரு."

இனியவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தான். "இத்த யாருமே எங்கிட்ட சொல்லல மதி."

"நீங்க எங்கிட்ட கேக்கவேயில்லியே."

"கேட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"நீங்க கேக்காம இருந்ததுதாங்க எனக்குக் கஷ்டமா இருந்துச்சு."

சாப்பாட்டுப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

சரோஜா வீட்டு வாசலில் பூவிழி மடியில் கரடியோடு உட்கார்ந்திருந்தாள். பிய்ந்துபோன காதைச் சரோஜா கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். இனியவன் அவள் எதிரில் மண்ணில் முட்டி போட்டான்.

"பூவி, காலைல மாமா கத்தினது தப்பு. கரடிய எறிஞ்சதும் தப்பு. சாரிடா."

அவள் நிமிரவில்லை. "இன்னா சொன்ன?"

"சாரின்னேன்."

"காலைல அவ்ளோ சத்தமா கத்தின. சாரி மட்டும் மெதுவா சொல்ற."

இனியவன் சுற்றிலும் பார்த்தான். இஸ்திரி வண்டிக்காரர் கையை நிறுத்தியிருந்தார். காலையில் தண்ணீர் பிடித்தவர்களில் பாதிப் பேர் வாசலில்தான் இருந்தார்கள். அவனுக்குக் காது சூடாகியது. வனமாமலையும் அன்றைக்கு இப்படித்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். எழுந்து நின்றான்.

"பூவி! மாமா காலைல கத்தினது தப்பு! சாரி!"

பைக்கில் போன ஒருவர் காலை ஊன்றி நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். யாரோ ஒரு பெண் சிரித்தாள். சத்தம் கேட்டு வெளியே வந்த சரோஜா, தம்பி மகளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய் டீக்குப் பால் வைத்தாள்.

"கரடிக்கு?" என்றாள் பூவிழி.

"கரடிக்கும் சாரி!"

இப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். இனியவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஏன் மாமா கார்ட அதுக்கு மாட்டின?"

"அது கரடி கம்பெனிக்குப் போற வெளையாட்டு."

"கம்பெனிக்குப் போயி?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல அவள் அவனைப் பார்த்தாள். "சாயங்காலம் வூட்டுக்குத் திரும்பி வந்துடும்."

மதிவதனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இனியவன் தன் கழுத்திலிருந்த கார்டைக் கழற்றிக் கரடியின் தலை வழியாக மாட்டினான். தைத்த காதில் அது கொஞ்சம் சிக்கியது. "ராத்திரி பூரா வெச்சுக்கோ. காலைல மட்டும் மாமாகிட்ட குடுத்துடணும்" என்றான். அவள் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.

அதற்குப் பிறகு இனியவன் கத்தவே இல்லை என்று சொல்லமுடியாது. கத்தினான். ஆனால் அன்றன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டான். முதல் தடவை மாதிரி காது சூடாகவில்லை. வீட்டிலும் பகலவனின் பேச்சு சகஜமாக வந்தது. அவன் பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடிய கதையும் வந்தது, தட்டை எறிந்த கதையும் வந்தது. கோபமே வராத பகலவனுக்குப் பயந்துகொண்டிருந்த இனியவனுக்கு, கத்திவிட்டு முட்டி போட்ட பகலவனை மிகவும் பிடித்துப்போயிற்று. பூவிழி இவனை அப்பா என்று கூப்பிடவில்லை. மாமாதான். அதில் அவனுக்குக் குறையொன்றும் இல்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே விளையாடப்போன பூவிழி பாதியிலேயே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த இனியவன் பக்கத்தில் நின்றாள். முகம் சரியில்லை.

"ஜோயல சைக்கிள்லேர்ந்து தள்ளிட்டேன். முட்டில ரத்தம் வந்துடுச்சு."

"தெரியாம தள்ளிட்டியா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரிஞ்சுதான்."

"இப்ப இன்னா பண்ணப்போற?"

"சாரி சொல்லணும். ஆனா அவுங்கம்மா வாசல்லயே நிக்கிறாங்க. பயமா கீது." அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் வா மாமா. நீ ஒண்ணும் பேச வேணாம். கூட நின்னா போதும்."

இனியவன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் இருவரும் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனார்கள். ஜோயல் வீட்டு கேட் வந்ததும் பூவிழி அவன் விரலை விட்டுவிட்டு, தனியாகப் படியேறினாள். அவள் பேசி முடிக்கும்வரை இனியவன் கேட்டோரமாக, அவள் திரும்பிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.