ஒரு பிக்சல் பிசகு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த வழியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பாதி ஒட்டுக்கேட்டது, மீதி எட்டிப்பார்த்தது. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, ஸ்கேல்காரரின் மேஜை. பெயர் நான் வைத்தது. அவர் முதுகு எனக்கு மனப்பாடம். முகத்தை லிஃப்டில் பார்த்தால்தான் உண்டு.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'ஐம்பது வயதைத் தொட்ட அந்த மனிதர் தனிமையின் கரையில் நின்றுகொண்டு...'

அடச்சே. அவர் எங்கே நின்றார்? நாள் முழுக்க உட்கார்ந்துதான் கிடக்கிறார்.

2

அவர் வேலையைச் சொன்னால்தான் கதை நகரும். வெப்சைட் கட்டுகிறவர்களுக்கு ஓர் அளவுகருவி எழுதியவர். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எத்தனை பிக்சல், அதாவது எத்தனை திரைப்புள்ளி, இடைவெளி என்று அது அளந்து சொல்லும். பிரவுசரோடு வராது, வேண்டியவர்கள் தனியாக இறக்கி ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷன் என்பார்கள். பிரவுசர் புதுசாகும்போதெல்லாம் அது படுத்துக்கொள்ளும். இவர் உட்கார்ந்து எழுப்பிவிடுவார். பதினோரு வருடமாக இதே பிழைப்பு.

போன வாரம் பிரவுசர் செய்கிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் கருவியைப் பிரவுசருக்குள்ளேயே வைத்துவிடலாமா, எக்ஸ்டென்ஷனாகவே விடலாமா? செய்தவர் நீங்கள், உங்கள் சொல்தான் முடிவு. வெள்ளி மாலை ஐந்துக்குள் சொல்லவும்.

"நல்ல சேதிதானே?" என்று லிஃப்டில் கேட்டேன்.

"நல்ல சேதிதாங்க."

"அப்புறம் ஏன் மூஞ்சி கஷாயம் குடிச்ச மாதிரி இருக்கு?"

"உள்ள வச்சா எல்லாருக்கும் கிடைக்கும். அடிக்கடி உடையாது. அதுதான் சரி." இரண்டு மாடி கடந்தது. "ஆனா அந்த ஒரு பிக்சலைத் திருத்திடுவாங்க."

3

பக்கத்தைக் கீழே உருட்டிவிட்டு அளந்தால் அவர் கருவி ஒரு பிக்சல் கூட்டிக் காட்டும். திருத்த ஐந்து நிமிடம் போதும். பதினோரு வருடமாகத் திருத்தவில்லை. 'சோம்பேறி' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.

வாரம் மூன்று நான்கு பேர் எழுதுவார்களாம்: 'ஐயா, ஒரு பிக்சல் இடிக்கிறது.' இவர் பதில் போடுவார். அவர்கள் நன்றி சொல்லி மறுபடி எழுதுவார்கள். ஒருத்தி குழந்தை பிறந்ததைச் சொன்னாள். ஒருவன் வேலை போனதைச் சொன்னான். இவரிடம் பேச்சுக் கொடுக்க உலகத்துக்கு இருந்த ஒரே சாக்கு அந்தப் பிசகு.*

* உபயம்: அவர் அக்கா. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று என் நம்பரை வாங்கிவைத்தவர், அவசரமில்லாமலேயே கூப்பிடுவார். நானும் சீக்கிரம் வைத்துவிடுகிற ஆள் இல்லை.

4

வியாழக்கிழமை அதே அக்கா ஸ்பீக்கரில் போட்ட சத்தம் என் அடுப்புவரை கேட்டது.

"டேய், மாடி ரூமை ஒழிச்சு வச்சிருக்கேன். வந்து தொலையேன்."

"வர்றேன்க்கா. ரெண்டு நாள் இருக்கேன்."

"ரெண்டு நாளா? நீ என்ன விருந்தாளியா? எங்ககூடவே இருடா."

"அங்கயே இருந்தா நீ இப்படி போன் பண்ண மாட்டியேக்கா."

 

(தெரிகிறது, ஒப்புமை பல்லிளிக்கிறது. இந்தப் பகுதியை எடுத்துவிட்டும் பார்த்தேன். ஆனால் மனிதர் அப்படித்தான் பேசினார், நான் என்ன செய்ய?)

5

ஒரு முடிவு: 'உள்ளே' என்று எழுதுகிறார், அக்கா வீட்டுக்கும் போய்விடுகிறார். சுபம். எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். (சரி, எதிர் ஜன்னல் காலியாகிவிடும். போதுமா?)

இன்னொன்று: 'வெளியே' என்கிறார். கடிதங்கள் வரும். ஒருநாள் கருவி படுக்கும், அவருக்கு எழுப்பத் தெம்பு இருக்காது, நம்பியவர்கள் நடுத்தெருவில் நிற்பார்கள். இது தெரிந்தும் அப்படி எழுதுகிற ஆளா அவர்? அந்த முதுகைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

வெள்ளி மூன்று மணிக்கு, கதை சொல்கிறவர்கள் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தேன். கருவியை இறக்கினேன். எங்கள் ஊர் நூலகத்தின் வெப்சைட்டைத் திறந்து ஒரு படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே அளந்தேன்: இருபத்து நான்கு. கீழே உருட்டி அதே இடத்தை அளந்தேன்: இருபத்தைந்து. 'ஐயா, ஒரு பிக்சல் இடிக்கிறது' என்று எழுதி, பெயர் போடாமல் அனுப்பினேன்.

எதிரே முதுகு நிமிர்ந்தது.  பிறகு விரல்கள் ஓடின.

'மன்னிக்கவும். தப்பு என்னுடையது, ரொம்ப நாளாகத் தெரியும். திருத்திய பதிப்பை இணைத்திருக்கிறேன். போட்டுப் பாருங்கள்.'

போட்டேன். உருட்டினேன். இருபத்து நான்கு.

6

மணி நாலு ஐம்பது. பிரவுசர்காரர்களுக்கு எழுதுகிறார் போலிருக்கிறது. உள்ளேயா, வெளியேயா? திரையை முதுகு மறைக்கிறது. அதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு வேறு சிக்கல் வந்துவிட்டது. சொல்ல ஒரு குறையும் இல்லாமல், பத்தடி தள்ளியிருக்கும் மனிதருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?

'ஐயா' என்பதுவரை எழுதிவிட்டேன்.