கடல் நடுவே ஒரு ஊசித்துளை

1

இந்தக் கதை ஒரு ஓட்டையிலிருந்து பிறந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கனவு வருகிறது, ரயிலில் எதிரே உட்கார்ந்து யாராவது அழுகிறார்கள். எனக்கு வாய்த்தது ஓட்டை.

ஜப்பானின் சகாதா ஊரில் நான் வழக்கமாகக் குளிக்கப் போகும் பொதுக் குளியல் கூடத்தில், ஆண்கள் உடை மாற்றும் அறையின் பெரிய கண்ணாடியைப் போன குளிர்காலத்தில் கழற்றினார்கள். பின்னால் ஒரு பழைய வரைபடம் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே மஞ்சூரியா, கீழே ஆஸ்திரேலியாவின் தலை, நடுவில் பசிபிக் கடல். போர்க்காலத்தில் படை பிடித்த இடங்களில் எல்லாம் குட்டிக் கொடி குத்திவைப்பார்கள் அல்லவா, அந்த வகை.

இடுப்பில் துண்டோடு அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். சல்லடை மாதிரி வெளிச்சம் வந்தது. ஷாங்காய், ஹாங்காங், மணிலா, சிங்கப்பூர், ரபவுல். எல்லாம் முன்னேறிய கதை. பின்வாங்கியதற்குத் தனித் துளை கிடையாது. கொடியைப் பிடுங்கினால் காகிதத்தில் புதிதாக எதுவும் விழுவதில்லை.

ஆனால் ஒரு துளை மட்டும் கடலில் இருந்தது. சைபன் தீவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே, ஒரு பாறைகூட இல்லாத வெறும் நீலத்தில். அங்கே யார், எதைப் பிடித்தார்கள்?

(பூச்சி அரித்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் இந்தக் கதையை அந்தப் பூச்சிக்கே சமர்ப்பிக்கிறேன்.)

2

முதல் வரி: "1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது நாடே விளக்கேந்தி..."

வேண்டாம். பாடப்புத்தக வாடை.

"கினுவே ஒரு வீரத்தாய், அவள்..."

இதை எழுதிவிட்டுப் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தேன்.

"கினுவேவுக்கு அம்மணமான ஆண்கள் புதிதல்ல."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன். கினுவே குளியல் கூடத்தின் சொந்தக்காரி. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் உயரமான இருக்கையில் அவள்தான் உட்கார்ந்தாள். கொதிகலனுக்கு விறகு போட்டுக்கொண்டிருந்த ஒரே மகன் செய்கிச்சியைப் படைக்கு அழைத்துக்கொண்டார்கள்.

சிங்கப்பூர் செய்தி வந்த அன்று ஆண்கள் தொட்டியிலிருந்து சொட்டச் சொட்ட ஓடிவந்தார்கள். ஒருவர் தலையில் சோப்பு நுரையோடு சுவர் வரைபடத்தில் கொடியைக் குத்தினார். இரண்டு கையையும் தூக்கி வாழ்க கோஷம் போட்டதில் துண்டுகள் அவிழ்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சோயாக்கட்டி விற்கும் தொயோ குரல் கொடுத்தாள்.

"சிங்கப்பூரைப் பிடிச்சது போதும்யா, மொதல்ல துண்டைப் பிடிங்க!"

கினுவே சிரித்தாள். அந்த வருஷம் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அதை மறைத்து எழுதினால் கதை பொய்யாகிவிடும்.

3

செய்கிச்சி எங்கே இருக்கிறான்? படையிலிருந்து வரும் அஞ்சலட்டையில் இடம் எழுதக்கூடாது. "தினமும் மழை. வாழைப்பழம் பெரியது. பனி கிடையாது." அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

கினுவே வரைபடத்தை நாள் கணக்கில் பார்த்தாள். பிறகு குவாடல்கனாலில் இருந்த கொடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். ஏன் அந்தத் தீவு? அவள் கைக்குச் சுலபமாக எட்டிய இடத்தில் அதுதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

வெளியே போனவருக்கு வீட்டில் அவர் பங்கை வைப்பது வழக்கம். கினுவேயும் மகன் புகைப்படத்தின் முன் சாப்பாட்டுத் தட்டு வைத்தாள். சூப்புக் கிண்ணத்தின் மூடியைப் பிறகு திறந்து பார்க்கவேண்டும். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஆள் சுகம்.

"குளியல் கூடத்துல மூடி வேர்க்காம வேற என்ன செய்யும்? இங்க கல்லை வெச்சாலும் வேர்க்கும், கினுவே சான்" என்றாள் தொயோ, மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து.

"வேர்க்கட்டுமே. உனக்கு ஏன் வலிக்குது?"

[குறிப்பு: இங்கே எனக்கு ஒரு சங்கடம். எங்கே இருக்கிறான் என்று தெரியாத ஒருவனை, கை எட்டிய இடத்தில் குத்திவைத்து, "இவன் இங்கே இருக்கிறான்" என்று நம்புகிறாள். என் பிழைப்பும் அதுதான். அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.]

4

மறு வருஷம் பிப்ரவரியில் வானொலி சொன்னது: குவாடல்கனாலில் வந்த காரியம் முடிந்ததால் படை வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது.

தெருச் சங்கத் தலைவர் யோஹேய், சாராயக் கடைக்காரர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கினுவே சான், அந்தக் கொடியைக் கொஞ்சம்..."

"எடுத்துடணுமா, தலைவரே?"

"எடுக்கறதா? யாரு சொன்னா? எடுத்தா பின்வாங்கின மாதிரி ஆயிடும். நகர்த்தணும். படை இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்."

"மாமியார் வந்தா நானும் அப்படித்தான் கொல்லைப் பக்கம் இடம் மாறிடுவேன்" என்றாள் தொயோ.

யோஹேய் காதில் விழாதது போல் இருமினார்.

கினுவே சிவப்பு நூல் கொடியைப் பிடுங்கி மேலே பூகன்வில் தீவில் குத்தினாள். யோஹேய் போன பிறகு தொயோ கிட்டே வந்து பார்த்தாள்.

"மேல வந்திருக்கே. வீட்டுப் பக்கமா."

கினுவே இதை யோசித்திருக்கவில்லை. இப்போது யோசித்தாள். ஆமாம். படை பின்வாங்கினால் மகன் கிட்டே வருகிறான். ஊர் முழுக்க முகம் இருண்டுகொண்டே போக, அவள் மட்டும் ஒவ்வொரு கெட்ட செய்திக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தாள். வெளியே சொன்னால் காவலர்கள் வந்து கொண்டுபோவார்கள். அதனால் வாயை இறுக்கிக்கொண்டு கொடியை நகர்த்தினாள். ரபவுல். அப்புறம் ட்ரக் தீவு. கடைசியில் செய்திக்காகக்கூடக் காத்திருக்கவில்லை. 1944 கோடை தொடங்கும்போது, தானாகவே சைபனில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

"இங்கயிருந்து ஒரே தாவு" என்றாள்.

விறகு இல்லாமல் குளியல் கூடம் பாதி நாள் பூட்டிக்கிடந்தது. அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தொட்டியைத் தேய்த்தாள்.

(இந்த இடத்தில் என்னால் நிறுத்தமுடிந்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.)

5

ஜூலையில் வானொலி சொன்னது: சைபனில் இருந்த படை கடைசி ஆள் வரை போரிட்டு மடிந்தது. இந்தத் தடவை "நகர்ந்தது" என்று சொல்லவில்லை.

தொயோ ஓடிவந்தபோது கினுவே சூப்புக் கிண்ணத்தின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூடி உலர்ந்திருந்தது.

"நான்தான் அவனை அங்க கொண்டுபோய் வெச்சேன்."

"அது கொடி, கினுவே சான்."

"ரபவுல்லயே விட்டிருக்கலாம். சீக்கிரம் வரட்டும்னு நான்தான் இழுத்தேன்."

"சூப்பு பச்சைத் தண்ணியா இருக்கு. அடுப்பு எரிஞ்சு எத்தனை நாளாச்சு? மூடி எப்படி வேர்க்கும்?"

"வேர்த்தப்ப குளியல் கூடத்து ஆவின்னு சொன்னியே."

"அப்ப கிண்டல் பண்ணேன். இப்ப சத்தியமாச் சொல்றேன்." தொயோ அழுதுவிட்டாள்.

மாலையில் யோஹேய் வந்தார். இந்தத் தடவை நகர்த்தச் சொல்லவில்லை. "எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னார்.

கினுவே கொடியைப் பிடுங்கினாள். எங்கே வைப்பது? படை இருக்கும் எந்தத் தீவில் வைத்தாலும் வானொலி அங்கே வந்துவிடும். வெகுநேரம் நின்றுவிட்டு, வடக்கே, வெறும் கடலில் குத்தினாள்.

"அங்க ஒண்ணும் இல்லையே, கினுவே சான்."

"ஆமா, தலைவரே. அங்க ஒண்ணும் இல்ல."

யோஹேய் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதட்டுவார் என்று தொயோ எதிர்பார்த்தாள்.

"கப்பல்ல வந்துட்டிருக்கான்னு வெச்சுக்கலாம்" என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

6

முடிவு, முதல் வகை: போர் முடிந்த மறு வசந்தத்தில் செய்கிச்சி எலும்பும் தோலுமாக வந்து நிற்கிறான். "அம்மா, தண்ணி சூடா இருக்கா?" என்கிறான். எழுதிப் படித்தேன்; கண்ணீர் வந்தது. கண்ணீர் அவ்வளவு சுலபமாக வந்ததால் கிழித்துவிட்டேன்.

இரண்டாம் வகை: மகனின் அஸ்தி என்று சொல்லி வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி வருகிறது. ஆட்டினால் உள்ளே ஒரு மரத்துண்டு உருளும் சத்தம். கினுவே அதைத்... இல்லை, என்னால் எழுதமுடியவில்லை.

(ஒரு தகவல் மட்டும். அவள் அவசரமாகத் தாண்டிவிட்ட ரபவுலை எதிரிகள் பிடிக்காமலேயே கடந்து போனார்கள். அங்கே இருந்தவர்களில் நிறையப் பேர் போர் முடியும்வரை பிழைத்துக்கிடந்தார்கள். இது நானாகக் கட்டிய கதையல்ல. இதைக் கினுவேயிடம் சொல்ல வழியில்லை.)

அந்தத் துளையை மறுபடி போய்ப் பார்த்தேன். மற்றத் துளைகள் சுத்தமாக இருக்க, இதைச் சுற்றி மட்டும் துரு வட்டமாக ஊறியிருக்கிறது. ஜப்பான் சரணடைந்த பிறகு எல்லாக் கொடியையும் பிடுங்கி எரித்தபோதும் இது இருந்திருக்கிறது. ஆவியில் வருஷக்கணக்கில் நனைந்திருக்கிறது. பிறகு ஒருநாள் யாரோ எடுத்திருக்கிறார்கள். மகன் வந்திருந்தாலும் அவள் எடுத்திருப்பாள். பெட்டி வந்திருந்தாலும் எடுத்திருப்பாள். பிடுங்கிய கை எந்தக் கை என்று துளையைப் பார்த்துச் சொல்லமுடியாது.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். கொடியின் ஊசி இன்னும் கடலில்தான் இருக்கிறது. தொயோ தன் கடைக் கதவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பலகையில் அடுப்பு எரிகிறது. சூப்பை நன்றாகக் கொதிக்கவைத்துக் கிண்ணத்தில் ஊற்றி மூடிவிட்டேன்; என்னால் முடிந்தது அதுதான். கினுவே கை நீட்டி, நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். தொயோவுக்கும் திறக்கத் தைரியமில்லை, எனக்கும் இல்லை. மூடி சுடும், பார்த்து எடுங்கள்.