பாறை உரசும் பக்கம்

ஜாக்கியை வண்டிக்கு அடியில் கொடுக்காமல், தான் பற்றவைத்த பக்கக் குழாயின் அடியிலேயே கொடுத்துக் கைப்பிடியை அழுத்தினாள் வெல்டர். ஜீப்பின் ஒரு பக்கம் முழுவதும் எழும்பியது. குழாய் முனகக்கூட இல்லை.

"இனிமே இடிச்சா பாறைதான்டா மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.

"உன் வாய்க்கு முன்னாடி பாறை எந்த மூலைக்கு, அக்கா!" என்றான் அந்த ஜீப்பை ஓட்டும் அவள் தம்பி.

கல்குவாரிக்கு ஆளேற்றும் வண்டி அது. மலைப்பாதையைச் செப்பனிட முதலாளிக்கு மனமில்லை. அவருடைய கார் வரும் கீழ்ச்சாலை மட்டும் கண்ணாடியாய் மின்னியது. மூன்று மாதத்தில் இருமுறை பாறை இடித்து, வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸ் விரிசல் கண்டது. பழியோ ஓட்டுநர் தலையில். ஆகவேதான் அக்காள் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தும் அழித்தும் இதை வடிவமைத்தாள். கதவுக்குக் கீழுள்ள தகட்டில் ஒட்டவைப்பது எளிது. ஆனால் முதல் இடியிலேயே கதவு நெளிந்துவிடும். அவள் சேஸிலிருந்தே மூன்று இரும்புக் கைகளை நீட்டி, இரு சக்கரங்களுக்கும் நடுவே கனத்த குழாயைப் பொருத்தினாள், மறுபக்கமும் அவ்வாறே. அதோடு விட்டிருக்கலாம். முழங்கால் வலிக்காரர்கள் மிதித்து ஏறட்டுமே என்று இரங்கி, குழாயின்மேல் சாண் அகலத் தகடு பதித்தாள். அந்த இரக்கத்துக்கும் ஒருவன் விலை பேசுவான் என்று அவள் கண்டாளா?

மறுநாள் காலை, ஆட்கள் நிரம்பிய வண்டியின் தகட்டைக் காலணியால் தட்டிப் பார்த்தார் முதலாளி.

"நல்ல வேலைம்மா! பக்கத்துக்கு நாலு பேர் நிக்கலாமே."

வாசலில் வேலை கேட்டு நின்றவர்களில் எட்டுப் பேரைக் கைதட்டி அழைத்தார். அவர்கள் ஏறி, கூரைக் கம்பியைப் பற்றிக்கொண்டார்கள். வண்டி அமுங்கியது.

"ஐயா, அது பாறை இடிக்கிற இடம். இரும்பு வாங்குற அடியை இவங்க கால் வாங்கும்" என்றாள் அக்காள்.

"பார்த்து ஓட்டச் சொல்லு."

"பார்த்து ஓட்டினா போதும்னா குழாய் எதுக்கு? உங்க பிள்ளையை இதுல நிக்க வைப்பீங்களா?"

"வாய் நீளுது!"

"கால் போறதுக்கு வாய் நீளுறது மேல்."

இரும்பைக் காக்க ஒரு கவசம் செய்தால், அந்தக் கவசத்துக்கு மனிதனையே கவசமாக்குவதா? சேஸ் விரிசல் விட்டால் நட்டம், எலும்பு முறிந்தால் விதியா? எந்த நியாயத்தில் சேரும் இது? தகட்டை அறுத்தெறியக் கிரைண்டரை எடுத்து வந்தாள்.

தகட்டின்மேல் நின்ற ஒருவர் குனிந்து சொன்னார்: "அக்கா, இதை அறுத்துட்டா எங்களுக்கு இன்னிக்கு வேலை இல்லையே."

அவள் விரல் பொத்தான்மீதே நின்றுவிட்டது. அவரை அவள் எப்படி எதிர்ப்பாள்?

அப்போது தம்பி இன்ஜினை அணைத்தான். "எல்லாரையும் ரெண்டு நடையா கொண்டுபோறேன் ஐயா. வெளியில ஒருத்தர் நின்னாலும் வண்டி நகராது."

"டீசல் உங்க அப்பன் வீட்டுதா? சாவியைக் கொடுடா! வேற ஆளா இல்ல?"

தம்பி சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினான். பிறகு உள்ளிருந்து, முழங்காலைப் பிடித்தபடி, கல்லுடைக்கும் பெண்ணொருத்தி பின்பக்கமாக இறங்கினாள். "ரெண்டாவது நடையில வரேன்" என்றாள். அவளுக்குப் பின் இன்னொருவர். பின் இருவர்.

ஒவ்வொருவராக இறங்க இறங்க ஸ்பிரிங் பட்டைகள் நிமிர்ந்தன. இறங்குவதா நிற்பதா என்று தெரியாமல் கம்பியைப் பற்றியிருந்த எட்டுப் பேரையும் சுமந்தபடி, அரை விரல், ஒரு விரல் என்று குழாய் தரையை விட்டு உயர்ந்துகொண்டிருந்தது.