பெர்சியின் அக்கார்டியன் புதிய கணினிக்குப் போன வழி

1

இந்தக் கதை பிறந்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைந்தாலும் யாரும் வருந்தாத சிறிய கோப்பு ஒன்று எங்கள் கொட்டகைக்குத் தேவைப்பட்டது.

"வாத்தியார்தான் எப்பப் பாத்தாலும் ஏதோ கிறுக்கிக்கிட்டு இருக்காரே, அதுல ஒண்ணைக் குடுங்க. காணாமப் போனாலும் உலகத்துக்கு நஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டு, கொட்டகைக் கூட்டாளி கிளைவ் தம் வீட்டிலிருந்து எதையோ எடுத்துவரக் கிளம்பினார். அவர் திரும்புவதற்குள் எழுதத் தொடங்கியதே இது. ஆகவே, அன்பார்ந்த வாசகரே, உங்கள் கையில் இருப்பது ஒரு சோதனைக் கோப்பு.

கொட்டகை என்றது, ஹுவான் ஆற்றங்கரையில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே, ஓய்வு பெற்ற ஆண்கள் கூடி மரவேலை செய்யும் இடத்தை. மரவேலை குறைவு, தேநீர் அதிகம். இவ்வூர்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்ந்த நானும் அங்கே நாற்காலிக் கால்களைக் கோணலாகச் சீவி வருகிறேன்.

2

தொடக்கத்தை நீதிக்கதையாகவே எழுதிப் பார்த்தேன். வகுப்பறைப் பழக்கம் விடுமா?

'ஒரு புதரில், குட்டிக்கரடி போன்ற கிழட்டு வொம்பாட் ஒன்று வாழ்ந்தது. அதன் வளைக்குள் ஓர் இனிய பாட்டு இருந்தது. மரத்தில் இருந்த இளங்கிளியோ, வொம்பாட்டின் குரலைக் கேட்கவே மறுத்து—'

(இங்கே நிறுத்திவிட்டேன். வொம்பாட்டுக்குப் பாட்டு எதற்கு என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயரும். அந்தக் கை உங்களுடையதாகவும் இருக்கலாம்.)

விலங்குகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நடந்ததையே சொல்கிறேன்.

3

பெர்சி எழுபதைத் தாண்டியவர். வரும் சனிக்கிழமை நோரீனை மணக்கிறார். இந்தப் பள்ளத்தாக்கில் நடந்த நடனங்களுக்கெல்லாம் அக்கார்டியன் வாசித்தவர் அவரே. அவர் மேடையில் வாசிக்க, நோரீன் கீழே பிறரோடு ஆடினார். வாசிப்பவர் எப்படி ஆட முடியும்? இப்போது மூட்டுவலி அவருடைய விரல்களை மடக்கிவிட்டது. எனினும், அவை நன்றாக இருந்த காலத்தில் அவர் வாசித்த வால்ட்ஸ் என்னும் ஜோடி நடன இசை ஒன்று கொட்டகையின் பழைய கணினிக்குள் ஒலிப்பதிவாகக் கிடக்கிறது. தம் வாசிப்புக்குத் தாமே நோரீனோடு ஆட வேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான்.

பழைய கணினி ஊமை; அதன் ஒலி அட்டை செத்து வெகுகாலம் ஆயிற்று.* திருமண மண்டபத்தின் ஒலிபெருக்கியோடு இணையக்கூடியது புதிய மடிக்கணினி ஒன்றே. இரண்டையும் ஒரே வலைப்பின்னலில் கம்பியால் இணைத்தோம். பழையது தன் கோப்புறையைத் திறந்துவைத்துக் காத்திருந்தது. புதியது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் காலத்துப் பகிர்வு முறை பாதுகாப்பற்றது என்று இந்தக் காலத்துக் கணினிகள் அதைக் கைவிட்டுவிட்டனவாம்.

*பென் டிரைவில் எடுக்கலாமே என்பீர்கள். அதைச் செருகவே இடமில்லாத காலத்துப் பிறவி அது. ஃப்ளாப்பி என்னும் சிறு வட்டுக்கான துளைக்குள்ளோ யாரோ லாமிங்டன் கேக்கின் தேங்காய்ப்பூவைச் சிந்தியிருக்கிறார்கள். கழற்றிப் பார்க்கலாமா என்றதற்கு, பெர்சி திருப்புளியைப் பிடுங்கித் தம் பைக்குள் போட்டுக்கொண்டார்.

4

கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே என்று கிளைவைத் தேர்ந்தேன். பொருத்தமாகவும் இருந்தது: அத்தனை நடனங்களிலும் நோரீனோடு அதிகம் ஆடியவர் அவர். 'பொறாமையில் வெந்த கிளைவ், வீட்டுக்குப் போனவர் போனவராகவே—'

[இந்த வாக்கியத்தை முடிக்க அவர் விடவில்லை. பழையதும் அல்லாத, புதியதும் அல்லாத ஒரு கணினியை இடுப்பில் குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார்.]

"இது நடுவயசு. கிழவன் பேச்சும் புரியும், இளசு பேச்சும் புரியும். கிழவன் இதுக்கிட்ட குடுக்கட்டும், இளசு இதுக்கிட்ட வாங்கிக்கட்டும்."

"என் பாட்டுக்கு அவகூட ஆடினதெல்லாம் பத்தாதுன்னு, இப்ப பாட்டுக்குள்ளயே கால வெக்கிறியா?" என்றார் பெர்சி.

"அட மாப்ளே, நீ பாட்டுக்கு மேடையில ஏறி உக்காந்துட்டே. அவ கால் சும்மா இருக்குமா? பத்திரமாப் பாத்துக்கிட்டேன். நன்றி சொல்லுடா!"

கெட்டவர் இல்லாமலே தொடர வேண்டியதாயிற்று.

முதலில் இந்தக் கதையைப் புதியதிலிருந்து நடுவயதுக்காரர் வழியாகப் பழையதற்கு அனுப்பினோம். போய்ச் சேர்ந்தது. ஆனால் பழைய கணினிக்குத் தமிழ் எழுத்து தெரியாதாகையால், திரை முழுவதும் வெறும் கட்டங்கள்.

"என்ன வாத்தியாரே, கட்டம் கட்டமா நிக்குது? இதுல நான் எது?" என்றார் பெர்சி.

குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினேன்.

"கிளைவ்?"

"பக்கத்துக் கட்டம்."

"கொஞ்சம் தள்ளி வையுங்கய்யா அவனை!"

கதையைத் திருப்பி அனுப்பினோம். புதிய கணினியில் ஓர் எழுத்தும் சிதையாமல் தமிழாகவே வந்து நின்றது. வழி திறந்துவிட்டது.

5

வால்ட்ஸ் புறப்பட்டது. திரையில் பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. தேநீர் ஆறியது, ஒருவரும் குடிக்கவில்லை. கோடு நிரம்பியதும் கிளைவ் ஒரு பொத்தானை அழுத்த, மரத்தூள் மணக்கும் கொட்டகைக்குள் அக்கார்டியன் மூச்சுவிட்டு எழுந்தது. இழைப்புளிகள் நின்றன. யாரோ கைதட்டினார்கள். பெர்சி சிரித்தார், சிரித்துக்கொண்டே இருந்தவரின் முகம் சட்டென்று வெளுத்தது.

"வாத்தியாரே... எனக்கு ஆடத் தெரியாதே!"

(இது என் கற்பனையாக இருந்திருந்தால் மூன்றாம் பகுதியிலேயே குறிப்பு வைத்திருப்பேன். ஆயுள் முழுவதும் வாசித்தவர் எப்போது ஆடக் கற்றிருப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்.)

கிளைவ் கையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு, பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். "வாடா. இடது கால முன்னால வை. இப்ப நான்தான் நோரீன்."

"நோரீனுக்கு மீசை கிடையாதுடா."

"அப்ப கண்ண மூடிக்க. ஒண்ணு, ரெண்டு, மூணு... என் கால மிதிச்சே, கல்யாணத்துக்கு நொண்டிக்கிட்டுதான் வருவேன்!"

6

சனிக்கிழமைக்கென இரண்டு முடிவுகளை எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் பெர்சி பிழையின்றி ஆடுகிறார். அதை நீங்கள் நம்பமாட்டீர்கள். மற்றொன்றில் அவர் ஆடாமல் நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறார். அதை நான் பொறுக்கமாட்டேன். இரண்டும் இனி உதவா. நோரீன் சனிக்கிழமைவரை காத்திருக்கவில்லை.

வெளியே காரை நிறுத்தியவர் அக்கார்டியனைக் கேட்டிருக்க வேண்டும். இதோ, கதவருகே நிற்கிறார். என்னைப் பார்த்து உதட்டின்மேல் விரல் வைக்கிறார். கிளைவும் பார்த்துவிட்டார்; ஒவ்வொரு சுற்றுக்கும் சிறிது சிறிதாகப் பெர்சியைக் கதவை நோக்கி நகர்த்துகிறார். பெர்சியின் கண்கள் மூடியே இருக்கின்றன. உதடுகள் எண்ணிக்கொண்டிருக்கின்றன. நோரீன் கைப்பையைத் தரையில் வைக்கிறார். வால்ட்ஸில் இன்னும் ஒரு சுற்று மீதி.

பகிர்ந்த கோப்பை ஒருவர் திறந்துவைத்திருக்கும்வரை மற்றவர்கள் படிக்கலாம், எழுத முடியாது. ஆகையால் நான் இதை மூடிவிடுகிறேன். இனி நீங்கள் எழுதலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: பெர்சியைக் கீழே மட்டும் விழவைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை கல்யாணம்.