மூன்றாம் நம்பரைத் தேடிப் போனது

ஜூன் மூன்றாம் வாரத்து மழையில் எங்கள் ரிசீவருக்குள் தண்ணீர் போய்விட்டது. அரிசி டப்பாவில் புதைத்து வைத்தோம், அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டோம். உயிர் வரவில்லை. புதியது வெளிநாட்டிலிருந்து வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

அதுதான் எங்களுக்குக் காது. ஊரார் காளிங்கன் என்று கும்பிடுகிற ராஜநாகங்களின் உடம்புக்குள் விரல் நீளத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டரை வைத்துத் தைத்து, பிடித்த இடத்திலேயே விட்டிருந்தோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலைவரிசை. நானும் தர்மப்பாவும் தினமும் மலையேறி, ஆன்டெனாவை நாலு பக்கமும் திருப்பி, ‘டிக்... டிக்...’ பலமாகக் கேட்கிற திசையில் போய், பாம்பைத் தள்ளி நின்று பார்த்துக் குறித்துக்கொள்வோம். தர்மப்பா இந்த மலைநாட்டுக்காரர், முன்பு பாக்கு மரம் ஏறிக்கொண்டிருந்தவர். நான் தார்வாடிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்து ஆறு வருஷமாக இங்கேயே கிடக்கிறேன். மூன்றாம் நம்பரைத் தொடர ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பன்னிரண்டடி ஆண்.

ரிசீவர் போன பத்தாம் நாள், கம்ப்யூட்டரில் டிவி பார்க்க விற்கிற ஒரு சின்ன டாங்கிளை ஷிமோகாவிலிருந்து வரவழைத்தேன். அதற்குரிய மென்பொருளைப் போட்டால் லேப்டாப்பே ரேடியோ ஆகிவிடும் என்று படித்திருந்தேன்.

தர்மப்பா அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். “சுண்டு விரல் அளவுகூட இல்ல. இதுவா காட்டைக் கேக்கப் போகுது? சீரியலாவது தெரியுமா சுமனக்கா?”

“சீரியல்தான் தெரியும். அதான் இப்போ தொல்லையே.”

உண்மையும் அதுதான். செருகியதும் லேப்டாப் அதை டிவியாகவே எடுத்துக்கொண்டது. என் மென்பொருள் ‘கருவி இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அந்த டிரைவரை நீக்கி வேறொன்றைப் போட ஒரு பகல் முழுக்கப் போயிற்று. பிறகு திரையில், வரும் அலைகளைக் காட்டுகிற நீலப் பட்டை அருவிபோல இறங்கியது. ஆனால் வெறும் இரைச்சல். மேசை டிராயரில் மிச்சமிருந்த ஒரு டிரான்ஸ்மிட்டரை எடுத்து, அதைத் தூங்கவைக்கிற காந்தத்தைப் பிரித்து, முற்றத்தில் வைத்துவிட்டு வந்தார் தர்மப்பா. அதற்குரிய அலைவரிசை எண்ணில் ஒன்றுமே இல்லை. எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனேன். நாலு கிலோஹெர்ட்ஸ் தள்ளி, நீலத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. அப்புறம் இன்னொன்று. மலிவான டாங்கிள், அதன் கணக்கே தப்பு. அந்தத் தப்பைத் திருத்தி, அலையைப் பெருக்குகிற கெயினை அதிகமாக ஏற்றி வைத்திருந்ததைக் குறைத்ததும் இரைச்சல் அடங்கி ஸ்பீக்கரில் ‘டிக்’ என்றது.

“அட, பேசுதே!” என்று தர்மப்பா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டிவிட்டு அவரே வெட்கப்பட்டார்.

மறுநாளிலிருந்து லேப்டாப்பைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு நான் மார்பில் கட்டிக்கொண்டேன். அவர் ஆன்டெனாவைப் பிடித்தார். இரண்டு நாள் மலை முழுக்க அலைந்தும் மூன்றாம் நம்பர் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, சதானந்தையாவின் பாக்குத் தோட்டத்து ஓரம், புள்ளிகள் மங்கலாக இறங்க ஆரம்பித்தன.

நெருங்க நெருங்கப் பலமாயிற்று. ஆன்டெனாவையே கழற்றிவிட்டேன், அப்படியும் கேட்டது. காலடியில்தான் என்று அர்த்தம். காலடியில் பாம்பு இல்லை. புதிதாகக் கொத்தி மூடிய மண்ணும், மேலே வாடிய துளசியும், ஒரு கொட்டாங்குச்சியில் மழைநீர் கலந்த பாலும் இருந்தன.

தர்மப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றார்.

“யாரும் வேலி தாண்டி வந்து பண்ணல,” என்று பின்னால் குரல் கேட்டது. சதானந்தையா, குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றார். “நான்தான் பண்ணேன். என் ஜீப்புதான்.”

தோட்டத்துக்குப் பக்கத்து ரோட்டுத் திருப்பத்தில், காலை ஆறரை மணிக்கு, கொட்டுகிற மழையில். மரக்கிளை விழுந்து கிடக்கிறது என்று நினைத்தாராம். “ஏறின அப்புறம்தான் தலையைத் தூக்கிச்சு. இந்த உயரத்துக்கு. என்னையே பார்த்துச்சும்மா. அப்புறம் படுத்துடுச்சு.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா.”

“எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்ல? காளிங்கனைக் கொன்னவன்னு ஊர் சொல்லும். ஃபாரஸ்ட்காரங்க ஜெயில்ல போடுவாங்க. செத்த நாகத்தை முறைப்படி எரிக்கணும். இந்த மழையில காஞ்ச விறகு ஏது? பொதைச்சுட்டேன். எரிக்காம விட்டுட்டமேன்னு பன்னண்டு நாளா சோறு எறங்கல.”

டிரான்ஸ்மிட்டர் எனக்கு வேண்டும். வண்டி ஏறித்தான் செத்ததா என்று பார்க்கவும் வேண்டும். இந்த மனிதரை நம்பினேன். ஆனாலும் பார்க்காமல் எழுத முடியாது. வனத்துறைக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. மூன்றையும் அவரிடம் நேராகவே சொன்னேன்.

தர்மப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். “பொதைச்சதை எடுக்காதீங்க அக்கா. கேட்டுக்கறேன். அது எங்கேயும் போகப் போறதில்ல.”

அதற்குள் சதானந்தையா மண்வெட்டியோடு வந்துவிட்டார். “எடுத்துரலாம் தர்மா. எடுத்தாத்தான் எரிக்க முடியும். மத்தவங்க கை வேண்டாம்.”

மறுநாள் பதினோரு மணிக்கு ரேஞ்சர் வந்தபின் சதானந்தையாவே தோண்டினார். கடைசி ஒரு சாண் மண்ணைக் கையாலேயே அள்ளினார். நடு முதுகெலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. வேறு வெட்டோ அடியோ இல்லை. டிரான்ஸ்மிட்டரை எடுத்துத் துடைத்தேன். மார்பில் தொங்கிய லேப்டாப் அதுவரை டிக் டிக் என்றுகொண்டேயிருந்தது. சதானந்தையா அதைப் பார்த்து, “அதை நிறுத்தும்மா,” என்றார். ஈரத்தில் காந்தம் சரியாக ஒட்டவில்லை. மூன்றாம் தடவைதான் சத்தம் நின்றது.

ரேஞ்சர் அனுமதி கொடுத்தார். ஒரு பழைய தொட்டிலையும் உடைந்த கதவையும் சதானந்தையா தன் வீட்டுப் பரணிலிருந்து இறக்கினார். தர்மப்பா தோட்டத்திலிருந்து தகரம் கொண்டுவந்து மேலே பிடித்துக்கொண்டார். புகையாகவே வெகுநேரம் எரிந்தது. சதானந்தையா ஒருமுறை குனிந்து, “தெரியாமப் பண்ணிட்டேன்பா,” என்றார், பக்கத்துவீட்டுக்காரனிடம் சொல்வதுபோல.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஊரில் சிலர் அவர் வீட்டில் கொஞ்ச நாள் தண்ணீர் குடிக்கவில்லை, பிறகு குடித்தார்கள்.

இப்போதும் அந்தத் திருப்பம் வந்தால் சதானந்தையா ஜீப்பை நிறுத்திவிட்டு இறங்குவார். முன்னால் நடந்து போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வண்டியை எடுப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் கூலியாட்கள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் நானும் அந்த ஜீப்பில் இருந்தேன். மழை பிடித்து அடித்தது. அவர் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை கூலியாட்களும் எட்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.